ஸ்கோன்: கல்லில் பிறந்த ரொட்டி

பெங்களூருத் தொம்மலூரில் மாலை நாலரை மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஓர் அய்யங்கார் பேக்கரியின் மணம் எதிரே வந்து நிற்கும். வெண்ணெய் பிஸ்கட், காரா பன், தில்பசந்த், தேன் கேக் என்று கண்ணாடிப் பெட்டி நிறைந்திருக்கும். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஸ்கோனை எதற்கு வீட்டில் சுட வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் ஒன்றுதான். ஸ்கோனுக்கு ஆயுள் குறைவு. அடுப்பிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதன் நல்ல வேளை முடிந்துவிடும். காலையில் சுட்டுப் பெட்டியில் அடுக்கிய ஸ்கோன் சாயங்காலத்துக்குள் விறைத்துப் போகும். எவ்வளவு நல்ல கடையானாலும் இதை மாற்ற முடியாது. தோசையைக் கல்லிலிருந்து நேரே தட்டுக்கு எடுப்பதுபோலச் சாப்பிட வேண்டிய பண்டம் இது.

பயப்பட ஒன்றுமில்லை. ஈஸ்ட் வேண்டாம், மாவு பொங்கக் காத்திருக்க வேண்டாம், முட்டைகூட வேண்டாம். மாவு சேர்க்கக் கால் மணி, வேகக் கால் மணி. அதற்குள் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாவு சில்லென்று இருக்க வேண்டும், அடுப்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் உங்கள் கை குறைவாக வேலை செய்ய வேண்டும். இனி வரும் பக்கங்கள் எல்லாம் இதன் விளக்கம்தான்.

எங்கிருந்து வந்தது

ஸ்கோனை இங்கிலாந்துப் பண்டம் என்று சொன்னாலும் அதன் பிறந்த வீடு ஸ்காட்லாந்து. எழுத்தில் அந்தப் பெயர் முதலில் தென்படுவது 1513-ல், கவின் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தபோது. அந்தக் காலத்து ஸ்கோன் நாம் இன்று பார்க்கும் உயரமான, குண்டான உருண்டை இல்லை. ஓட்ஸ், பார்லி மாவைத் தட்டையாகத் தட்டி, கனமான இரும்புக் கல்லில் போட்டுச் சுட்டு, நாலாக வெட்டிய ரொட்டி அது. நம் ஊர் அடை, ராகி ரொட்டி மாதிரியான கல் பலகாரம்.

அது உயர்ந்து எழுந்து ரொட்டி அடுப்புக்குள் குடிபோனது பேக்கிங் பவுடர் வந்த பிறகுதான். 1843-ல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், தம் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததால், ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி பொங்குவதற்கு ஒரு பொடியைச் செய்தார். இரண்டே வருடத்தில், 1845-ல், பிரிஸ்டலைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ் அந்தப் பொடியை முன்கூட்டியே கலந்த மாவுக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்துச் சமையல் குறிப்புகளில் வரும் ‘செல்ஃப் ரெய்சிங்’ மாவு அதுதான். நம் மளிகைக் கடையில் அதைத் தேடி அலைய வேண்டாம். மைதாவும் பேக்கிங் பவுடரும் இருந்தால் போதும்.

நம் ஊருக்கு அது வந்த வழியும் தெரிந்ததுதான். தொம்மலூர் பழைய ஊர். சோழர் காலத்துச் சொக்கநாதசுவாமி கோயில் இங்கே இருக்கிறது. சொக்கநாதர் என்ற பெயரைக் கேட்டுச் சிவன் கோயில் என்று நினைத்துப் போகிறவர்கள் உள்ளே பெருமாளைப் பார்ப்பார்கள். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் தொம்பலூர். அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில், அல்சூரை ஒட்டி, 1809-ல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்தார்கள். பட்டாளத்தோடு ரொட்டி அடுப்பும் வந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வித்தை நகரத்துக்குள்ளும் போயிற்று. 1898-ல் ஹாசன் பக்கத்திலிருந்து வந்த அய்யங்கார் சகோதரர்கள் சிக்பேட்டையில் பேக்கரி வைத்தார்கள். இன்று தெருவுக்குத் தெரு நாம் பார்க்கும் அய்யங்கார் பேக்கரிகளுக்கெல்லாம் அது மூத்த வீடு. வெண்ணெய் விஷயத்தில் நீலகிரீஸின் கதையும் இதோடு சேர்ந்தது: 1905-ல் மலையில் வெண்ணெய் வணிகமாகத் தொடங்கி, 1936-ல் பிரிகேட் ரோட்டுக்கு வந்த கடை அது. நல்ல மாவு, நல்ல வெண்ணெய், நல்ல பால் என்று ஸ்கோனுக்கு வேண்டிய மூன்றும் இந்த ஊருக்கு மூன்று தலைமுறைப் பழக்கம்.

மைதா, வெண்ணெய், பால்

ஏழெட்டு ஸ்கோனுக்கு அளவு இது. மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் தலை தட்டி 3 டீஸ்பூன், குளிர்ந்த வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், குளிர்ந்த பால் 130 முதல் 150 மில்லி. உலர்திராட்சை வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி. அரைக்கிலோ மைதா பாக்கெட் ஒன்றில் இரண்டு முறை செய்துவிட்டு, மேலே தூவவும் கொஞ்சம் மிஞ்சும். கப் கணக்கை விட்டுவிட்டு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரு கப் மைதா 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். அந்த 30 கிராம் வித்தியாசத்தில் ஸ்கோன் கல்லாகிவிடும்.

நம் மைதா இங்கிலாந்து மாவைவிடத் தண்ணீரைக் கொஞ்சம் அதிகம் இழுக்கும். ஆகவே அந்நாட்டுப் புத்தகத்தில் ‘125 மில்லி’ என்று போட்டிருந்தால் அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். மழைக்காலத்தில் மாவே ஈரம் குடித்திருக்கும், அப்போது 130 மில்லி போதும். பிப்ரவரி, மார்ச் வறட்சியில் 150 மில்லியும் பிடிக்கும். கோதுமை மாவில் செய்யலாமா என்றால், பாதிக்குப் பாதி சேர்க்கலாம். முழுக்க ஆட்டாவில் செய்தால் கனத்துவிடும். நான் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வெண்ணெயில் ஒரு கவனம் வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெய் உப்புப் போட்டது. அதைப் பயன்படுத்தினால் தனியாக உப்பு சேர்க்காதீர்கள். உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை உப்பு. ‘நெய் ஊற்றினால் இன்னும் மணக்குமே’ என்று அம்மாவும் மாமியாரும் சொல்வார்கள். மணக்கும், ஆனால் ஸ்கோன் வராது, நான்கட்டாய் வரும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. மாவுக்குள் சின்னச் சின்னத் துண்டாகக் கிடக்கும் வெண்ணெய், சூடு பட்டதும் உருகி, அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவை ஏடு ஏடாகத் தூக்குகிறது. நெய்யில் தண்ணீரே இல்லை. அதோடு நம் சமையலறைச் சூட்டில் நெய் இளகி மாவோடு ஒன்றிப்போகும். தூக்குவதற்கு உள்ளே துண்டு எதுவும் மிஞ்சாது.

பாலுக்குப் பதில் மோர் ஊற்றினால் ஸ்கோன் இன்னும் மெத்தென்று வரும், என் ருசிக்கு அதுதான் மேல். கெட்டித் தயிர் 100 கிராமை 50 மில்லி தண்ணீர் விட்டுக் கடைந்துகொள்ளுங்கள். அப்போது பேக்கிங் பவுடரை 2 டீஸ்பூனாகக் குறைத்து, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா சேர்க்க வேண்டும். மோரின் புளிப்போடு சோடா சேர்ந்து பொங்கும். அந்தக் கால் டீஸ்பூனைத் தாண்டினால் சோப்பு வாடை வரும், ஸ்கோன் மேல் பழுப்புப் புள்ளிகள் விழும்.

பேக்கிங் பவுடர் டப்பாவைத் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். நினைவில்லை என்றால், கால் கப் வெந்நீரில் அரை டீஸ்பூன் போடுங்கள். சரசரவென்று நுரைத்தால் உயிர் இருக்கிறது. சோம்பலாக இரண்டு குமிழி விட்டால் தூக்கி எறியுங்கள். பெங்களூரு ஈரத்தில் திறந்த டப்பா சீக்கிரம் வீரியம் இழக்கும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் மேலே இருக்கிறது. தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பேக்கிங் பவுடரின் வாயுவும் கொஞ்சம் சுலபமாக விரியும். அதனால்தான் தலை தட்டிய 3 டீஸ்பூன் என்றேன். குவித்துப் போட்டால் ஸ்கோன் வேகமாக எழும்பி, நடுவில் அமுங்கும். ஊட்டியில் இருக்கும் உங்கள் சித்திக்கு இந்தக் குறிப்பை அனுப்புவதாக இருந்தால் 2 டீஸ்பூன் என்று திருத்தி அனுப்புங்கள். அங்கே உயரம் 2,200 மீட்டருக்கு மேல்.

கையின் வேலை

சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் பழகிய கை நம்முடையது. அழுத்தி, மடக்கி, அடித்துப் பிசைந்தால்தான் மாவுக்கு மரியாதை என்று நினைக்கும் கை. ஸ்கோனில் தோற்பதற்கு இந்தக் கைதான் முதல் காரணம்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எதிர்வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. ஒரு நாள் கதவு திறந்திருந்தது, உள்ளே வந்தவர் நான் மாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டார்.

“என்ன கண்ணு, சப்பாத்திக்கா பிசையறே?”

“இல்ல ஆன்ட்டி, ஸ்கோனுக்கு.”

“அப்போ கைய எடு. ஸ்கோனுக்குக் கை சும்மா இருக்கணும்.”

அவர் காட்டிய முறை இது. வெண்ணெயைக் கட்டியாக ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை மூன்றையும் இரண்டு முறை சலித்து, அகலப் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் அரைமணி வையுங்கள். ஏப்ரலில் தொம்மலூர் சமையலறை 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் வெளியே வைத்த வெண்ணெய் அஞ்சு நிமிஷத்தில் குழைந்துவிடும். கோடைக் காலத்தில் நான் ஸ்கோன் செய்வதென்றால் காலை ஆறு மணிக்குத்தான். டிசம்பரில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

உறைந்த வெண்ணெயைத் தேங்காய் துருவுவதுபோல் கேரட் துருவியில் நேரே மாவின் மேல் துருவுங்கள். பிறகு விரல் நுனியால் மட்டும் மாவையும் வெண்ணெயையும் தேய்த்துத் தேய்த்து மேலிருந்து உதிர விடுங்கள். உள்ளங்கை படவே கூடாது. உடம்பிலேயே உள்ளங்கைச் சூடு வெண்ணெய்க்குப் பெரிய எதிரி. எதுவரை தேய்ப்பது? பிட்டு மாவுப் பதம்வரை. கையில் அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும், விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். நடுநடுவே பச்சைப் பயறு அளவில் வெண்ணெய்த் துண்டு தெரிந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், அது இருக்க வேண்டியதுதான். பிட்டுப் பதம் தெரிந்த வீட்டுக்கு ஸ்கோனில் பாதி தெரிந்த மாதிரி. இங்கிலாந்துப் புத்தகங்கள் இதை ரொட்டித் தூள் பதம் என்று எழுதும். எனக்கு அது ஒருபோதும் கைக்கு விளங்கியதில்லை.

இப்போது நடுவில் குழி செய்து, பாலில் முக்கால்வாசியை ஒரே தடவையாக ஊற்றுங்கள். கையை விட வேண்டாம். தோசைத்திருப்பியோ, முனை மழுங்கிய கத்தியோ எடுத்து, கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு புரட்டலில் மாவு திரிதிரியாகச் சேரும். அடியில் காய்ந்த மாவு நின்றால் மட்டும் மீதிப் பாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசியில் மாவு கொஞ்சம் பிசுபிசுவென்று, மேலே கரடுமுரடாக இருக்கும். வழவழப்பாக, பார்க்க லட்சணமாக இருந்தால் பிசைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பிசையப் பிசைய மைதாவின் பசைச் சத்து இழுவையாகிறது. பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், ஸ்கோனுக்கு அது ரப்பர்.

மேடையில் மைதா தூவி, மாவைக் கொட்டி, இரண்டு முறை மட்டும் மடித்து, கையால் தட்டுங்கள். உருட்டுக்கட்டை வேண்டாம். தடிமன் இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். இதை ஸ்கேல் வைத்தே அளந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒன்றரை சென்டிமீட்டருக்குத் தட்டிவிட்டு ஏன் எழும்பவில்லை என்று வருந்துகிறவர்கள்தான் அதிகம்.

வெட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் எவர்சில்வர் டம்ளரைத்தான் எடுப்பார்கள். டம்ளரின் வாய் மடித்த விளிம்பு, அது மாவை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய ஓரம் ஒட்டிக்கொண்டு, ஏடுகளைத் திறக்க விடாது, ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாயும். கூர்மையான 5 அல்லது 6 சென்டிமீட்டர் பிஸ்கட் வளையம் இருந்தால் மாவில் தோய்த்து, நேரே அழுத்தி, நேரே தூக்குங்கள். திருகக் கூடாது. வளையம் இல்லையா? கூர்மையான கத்தியால் சதுரமாகவோ முக்கோணமாகவோ வெட்டுங்கள். துண்டு மாவு மிஞ்சாது, மிஞ்சியதைத் திரும்பத் திரட்டிப் பிசைய வேண்டிய அவசியமும் வராது. ஸ்காட்லாந்தில் பழைய முறையே முக்கோணம்தான்.

வெட்டியவற்றைத் தட்டில் ஒரு விரல் இடைவெளியில் நெருக்கி வையுங்கள். ஒன்றுக்கொன்று அணைவாக இருந்தால் பக்கவாட்டில் பரவாமல் மேலே எழும்பும். அப்படியே பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜுக்குள். பிறகு மேல் பக்கத்தில் மட்டும் பால் தடவுங்கள். ஓரத்தில் வழிய விட்டால் அது பசைபோல் காய்ந்து எழும்ப விடாமல் பிடிக்கும்.

ஓடிஜி

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 16 முதல் 28 லிட்டர் ஓடிஜி என்ற மின்சார அடுப்பு. முதலில் பிளக்கைப் பாருங்கள். 1,500 வாட் ஓடிஜி ஆறரை ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் சமையல் மேடையில் இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் அதை மாட்டினால் நாளடைவில் சாக்கெட் கருகும். மிக்சிக்கு மாட்டும் இடத்தில் ஓடிஜியை மாட்டாதீர்கள். பெரிய மூன்று துளை, 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் மாட்டுங்கள், நீட்டிப்பு வயர் வேண்டாம்.

மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 220 டிகிரியில் முழுசாக இருபது நிமிஷம் காய விடுங்கள். விளக்கு அணைந்தது என்பதற்காகத் தட்டை உள்ளே வைத்துவிடாதீர்கள். காற்றுதான் அப்போது காய்ந்திருக்கும், சுவர் காய்ந்திருக்காது. கதவைத் திறந்த மறுகணம் சூடெல்லாம் போய்விடும். குமிழில் போட்டிருக்கும் எண்ணை நான் நம்புவதில்லை. உள்ளே தொங்கவிடும் சின்ன அவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். என் ஓடிஜியில் 220 என்று திருப்பினால் உள்ளே 195தான் இருக்கிறது, அதனால் 245-க்குத் திருப்புகிறேன். உங்களுடையது எதிர்ப்பக்கமாகவும் இருக்கலாம், அளந்து பாருங்கள்.

நடுத் தட்டுக்கு ஒரு படி கீழே வையுங்கள். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால், உள்ளே வேகுமுன் தலை கறுத்துவிடும். 12 முதல் 15 நிமிஷம். எட்டு நிமிஷம்வரை கதவைத் திறக்க வேண்டாம். பிறகு ஒரு தடவை தட்டைத் திருப்பி வைக்கலாம், பின்பக்கம் எப்போதும் சூடு அதிகம். மேலே தேன் நிறம், பக்கவாட்டில் இடுப்பில் ஒரு வெடிப்புக் கோடு, அடியில் தட்டினால் பொள்ளென்று சத்தம். இந்த மூன்றும் வந்தால் எடுத்துவிடுங்கள். மெத்தென்று வேண்டுமானால் ஒரு துணியில் பொதிந்து ஐந்து நிமிஷம் வையுங்கள். மேலே மொறுமொறுப்பு வேண்டுமானால் கம்பித் தட்டில் காற்றாட விடுங்கள்.

கரண்ட் போனால் தோசைக்கல்

ஒரு ஜூன் மாதத்து மழைநாள். முதல் தட்டு வெந்து இறங்கியது, இரண்டாம் தட்டை உள்ளே வைக்கப் போகும்போது கரண்ட் போய்விட்டது. வீட்டில் விருந்தாளிகள் வேறு. வெட்டி வைத்த மாவை என்ன செய்வது என்று நிற்கையில்தான் அந்தப் பழைய கதை நினைவுக்கு வந்தது: இது கல்லில் பிறந்த ரொட்டியாயிற்றே! அன்று தோசைக்கல்லில் சுட்டதை விருந்தாளிகள் முதல் தட்டைவிட விரும்பிச் சாப்பிட்டார்கள். அதன் பிறகு கரண்ட் இருக்கும் நாளிலும் பாதி மாவைக் கல்லில்தான் போடுகிறேன். ஓடிஜி இல்லாத வீட்டுக்கு இதுவே முழு வழி. அடி கனத்த கடாயில் உப்பைப் பரப்பி மூடிச் சுடும் முறையையும் பார்த்தேன். சூடு போதாமல் ஸ்கோன் வெளுத்து, வேகவைத்த மாதிரி வருகிறது. எனக்கு அது சரிப்படவில்லை.

கல்லுக்கு அதே மாவுதான், தடிமன் மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர். வட்டமாகத் தட்டி ஆறாக வெட்டுங்கள். கனமான இரும்புக் கல்லைச் சின்னத் தீயில் ஐந்து நிமிஷம் காய விடுங்கள். எண்ணெய் வேண்டாம். ஒரு சிட்டிகை மைதாவைத் தூவிப் பாருங்கள். ஒரு நிமிஷம்போல ஆகி மெல்லச் சிவந்தால் சூடு சரி. போட்டதுமே கருகினால் கல்லை இறக்கி ஆற விடுங்கள். துண்டுகளை வைத்து, மூடாமல், ஒரு பக்கத்துக்கு ஆறேழு நிமிஷம். ஒரே ஒரு முறை திருப்ப வேண்டும். மூடினால் ஆவி தங்கி மேல் ஓடு தொளதொளவென்று ஆகிவிடும். கடைசியில் ஓரங்களைக் கல்லின்மேல் நிறுத்தி அரை நிமிஷம் காட்டுங்கள். வெளியே மெல்லிய பொறுக்கு, உள்ளே வெள்ளை வெளேர் என்று மென்மை. நான்கு நாள் முன்பு தோசை சுட்ட எண்ணெய் வாசனை கல்லில் இருந்தால் ஸ்கோனில் ஏறும். வெறும் உப்பால் தேய்த்துத் துடைத்துவிட்டு வையுங்கள்.

சர்க்கரையை எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் சதகுப்பைக் கீரை போட்டால் கார ஸ்கோன். காரா பன்னை நினைவூட்டும் ருசி. இது கல்லில்தான் இன்னும் நன்றாக வருகிறது. வெங்காயம் சேர்ப்பதானால் வதக்கி ஆற வைத்துப் போடுங்கள். பச்சை வெங்காயம் தண்ணீர் விட்டு மாவை இளக்கும்.

ஜாமும் பாலாடையும்

இங்கிலாந்தில் டெவன், கார்ன்வால் என்ற பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள் ஸ்கோனால் பிரிந்து நிற்கின்றன. டெவனில் முதலில் க்ரீம், அதன் மேல் ஜாம். கார்ன்வாலில் முதலில் ஜாம், மேலே க்ரீம். அவர்கள் தடவும் க்ளாட்டட் க்ரீம் குறைந்தது 55 சதவீதம் கொழுப்புள்ள கெட்டி ஏடு. நம் கடையில் கிடைக்கும் 25 சதவீத க்ரீம் அதற்கு ஈடாகாது, எவ்வளவு அடித்தாலும் ஓடும்.

ஆனால் அந்த ஏடு நமக்குப் புதியதா? பாலைச் சின்னத் தீயில் காய்ச்சி எடுக்கும் பாலாடையின் நெருங்கிய சொந்தம் அது. எருமைப்பால் இரண்டு லிட்டர் கிடைத்தால் நல்லது. பாக்கெட் பால் என்றால் கொழுப்பு அதிகமுள்ளதாக, ‘ஹோமோஜினைஸ்டு’ என்று அச்சிடாததாகப் பார்த்து வாங்குங்கள். ஹோமோஜினைஸ்டு பாலில் கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைத்திருப்பதால் ஏடு கட்டாது. அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றி, கொதிக்க விடாமல், மேற்பரப்பு லேசாக நடுங்கும் சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். கிளறக் கூடாது. அடுப்பை அணைத்து, அசைக்காமல் ஆற வைத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விடுங்கள். காலையில் மஞ்சள் படர்ந்த தடித்த ஏடு நிற்கும். கரண்டியால் சுருட்டி எடுத்தால் ஒரு சின்னக் கிண்ணம் தேறும். மீந்த பாலில் காபி போடலாம், தயிர் தோய்க்கலாம்.

ஜாமுக்கு ஸ்ட்ராபெரியைத் தேட வேண்டாம். தள்ளுவண்டியில் கொட்டை உள்ள கறுப்புத் திராட்சை குவிந்திருக்குமே, அதுதான் பெங்களூரு நீலத் திராட்சை. தேவனஹள்ளி, சிக்கபள்ளாபுரம் பக்கங்களில் விளைவது, புவிசார் குறியீடு பெற்றது. அப்படியே சாப்பிட்டால் தோல் தடிப்பு, புளிப்பு. ஜாமில் அந்தத் தோலும் புளிப்பும்தான் உயிர். ஒரு கிலோ பழத்தைப் பிதுக்கித் தோலைத் தனியே வையுங்கள். சதையைப் பத்து நிமிஷம் வேகவிட்டு வடிகட்டினால் கொட்டை நின்றுவிடும். தோலையும் 600 கிராம் சர்க்கரையையும் இரண்டு எலுமிச்சையின் சாற்றையும் சேர்த்துக் கொதிக்க வையுங்கள். புத்தகங்களில் 104, 105 டிகிரி என்று போட்டிருக்கும். அது கடற்கரை ஊருக்கு. நம் ஊரில் 101, 102 டிகிரியிலேயே ஜாம் இறுகிவிடும். 105 வரை காத்திருந்தால் ஸ்பூன் இறங்காத கட்டியாகும். தெர்மாமீட்டர் இல்லை என்றால், ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். தோல் சுருங்கினால் இறக்குங்கள்.

ஸ்கோனைக் கத்தியால் வெட்டாதீர்கள். இடுப்பு வெடிப்பில் கட்டைவிரலை வைத்து இரண்டாகப் பிளந்தால் தானே திறக்கும். முதலில் ஜாம், மேலே ஏடு. நம் பாலாடை இளசு. சூடான ஸ்கோனில் நேரே பட்டால் உருகி ஓடிவிடும், நடுவில் ஜாம் இருந்தால் நிற்கும். ஆகவே இந்த விஷயத்தில் நான் கார்ன்வால் கட்சி. கூட ஒரு கெட்டி டீ, சர்க்கரை குறைவாக.

சரியாக வராவிட்டால்

எழும்பவே இல்லை, ஆனால் ருசி நன்றாக இருக்கிறது என்றால் பேக்கிங் பவுடர் பழசு, அல்லது தட்டியது மெல்லிசு. எழும்பியது, கடித்தால் இழுக்கிறது என்றால் கை அதிகம் வேலை செய்திருக்கிறது. பரந்து பிஸ்கட்டாகிவிட்டதா? வெண்ணெய் அடுப்புக்குப் போகுமுன்பே உருகிவிட்டது, அடுத்த முறை ஃப்ரிட்ஜில் இன்னும் பத்து நிமிஷம் வையுங்கள். தலை கறுத்து உள்ளே பச்சையாக இருந்தால் தட்டை இன்னும் ஒரு படி இறக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது திருந்தியது என்று தெரியாமல் போகும். மூன்றாவது தடவையில் கை பழகிவிடும்.

வீட்டில் இரண்டே பேர் என்றால் எட்டையும் ஒரே நாளில் சுட வேண்டாம். வெட்டிய துண்டுகளைத் தட்டோடு ஃப்ரீசரில் இறுக வைத்து, பிறகு டப்பாவில் போட்டு மூடினால் ஒரு மாதம் தாங்கும். யாராவது வந்தால் வேண்டிய எண்ணிக்கையை எடுத்து, உருக விடாமல் அப்படியே காய்ந்த ஓடிஜியில் வையுங்கள். வழக்கத்தைவிட நாலு நிமிஷம் கூடுதலாக வெந்தால் போதும்.